அத்ரியன் போடாத ஓட்டு

தான் செய்த கேவலத்தைத் தானே சொல்ல வரும்போது மனுஷன் கொஞ்சம் சர்க்கரை தடவித்தான் சொல்வான். நான் தடவப் போவதில்லை. எண்பத்திரண்டு வயசில் யாரிடம் நல்ல பேர் வாங்கி என்ன ஆகப் போகிறது? தொண்ணூற்றைந்தாம் வருஷம் அக்டோபர் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது, அத்ரியன் புலேனுக்குக் கொடுத்த வார்த்தையை மீறினேன். அவன் என் பக்கத்துப் பண்ணைக்காரன். எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் என்றும் சொல்லலாம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அது வேறு கதை, அதிலும் பிழை என் பேரில்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேராக அத்ரியன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் மனைவி யுகெத் எனக்கும் சேர்த்தே சமைத்து வைத்திருப்பாள். யுகெத்தும் நானும் சாந்த் ஒர்த்தான்ஸ் பள்ளியில் ஒரே வகுப்பு. சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்தேன் என்றால், "இது என்ன மாட்டுக் கொட்டாயா? வெளிய போய்த் துடைச்சிட்டு வாடா" என்று கரண்டியை ஓங்குவாள். அந்தத் திட்டு கேட்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்காது. இப்படிப் பத்தொன்பது வருஷம் அந்த மேசையில் சாப்பிட்டவன் நான். சொல்லி வைக்கிறேன், நான் பணயம் வைத்தது எதை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிரெஞ்சு பேசுகிற எங்கள் கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுத் தனி நாடாகப் போகலாமா என்று அந்த வருஷம் இரண்டாம் முறை வாக்கெடுப்பு வைத்தார்கள். சீட்டில் 'ஆம்' என்று ஒரு வட்டம், 'இல்லை' என்று ஒரு வட்டம். நான் ஆமாக்காரன், அத்ரியன் இல்லைக்காரன். வேலிக்கு இந்தப் பக்கம் என் 'ஆம்' பலகை, அந்தப் பக்கம் அவன் 'இல்லை' பலகை. காற்றடித்து என் பலகை விழுந்தால் அவன்தான் நிமிர்த்தி வைப்பான், முணுமுணுத்துக்கொண்டே.

அவன் பேச்செல்லாம் பாலைப் பற்றித்தான். வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நாடு முழுக்க ஊற்றுகிற பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நம் மாடுகள் கறக்கின்றன, நாளைக்கு எல்லைக்கோடு போட்டுவிட்டால் அந்தப் பக்கத்துக்காரன் நம் பாலை எதற்கு வாங்குவான், ஆற்றில் ஊற்றுவதா என்று கேட்பான். முட்டாள்தனமான கேள்வி என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தக் கணக்கு ஏறாது. என் அப்பா முப்பத்தொரு வருஷம் நூல் ஆலையில் வேலை பார்த்தார். ஆலையில் மேஸ்திரி முதல் முதலாளி வரை எல்லாரும் இங்கிலீஷ்காரர்கள். அத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் இரண்டே வார்த்தை, "சரிங்க ஐயா" என்பது. சாகும்போது ஜுரத்தில் அதைத்தான் உளறினார், வந்த டாக்டர் எங்கள் பாஷைக்காரர் என்று தெரியாமல். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் எனக்கு யாரும் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. எண்பதாம் வருஷம் முதல் வாக்கெடுப்பில் தோற்றபோது கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். பதினைந்து வருஷம் காத்திருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் அத்ரியன் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. அவனிடம் முப்பத்து நாலு கறவை மாடு. மாட்டுக்குத் தொடை எலும்பும் தெரியாது, வாக்கெடுப்பும் தெரியாது, காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். நான் என் மாடுகளை முடித்துக்கொண்டு வேலி தாண்டிப் போய் அவன் மாடுகளையும் கறந்தேன். யுகெத் தீனி போடுவாள், சாணம் தள்ளுவாள், பால் கறக்கும் மெஷினை நான் மாட்டுவேன். இதற்கு நன்றி சொல்ல வந்தால் உதைப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவனும் சொல்லவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாணி சூப்பு ஆறிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். அவன் என்னைக் கனவு காண்கிற கழுதை என்றான், நான் அவனைப் பால் கேனுக்குப் பிறந்தவன் என்றேன். எங்கள் ஊரில் கோபம் முற்றினால் கோயில் சாமான்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். நற்கருணைப் பேழையில் ஆரம்பித்துப் பூசைக் கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு வரை இரண்டு பேரும் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. யுகெத் சூப்புப் பாத்திரத்தைத் தூக்கி அடுப்பு மேல் வைத்துவிட்டாள். "இனிமே இந்த மேசைல ஓட்டுன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, சூப்பு பன்னிக்குத்தான்" என்றாள்.

எனக்குப் பசி. அப்போதுதான் அந்த யோசனை என் வாயிலிருந்து வந்தது. யார் கேட்டது?

"நீ போனா ஒரு இல்லை, நான் போனா ஒரு ஆமாம். ரெண்டும் கழிஞ்சு போகுது. எதுக்குடா இந்தக் கூத்து? நீ மாவுக்கட்டோட அஞ்சு படி ஏற வேண்டாம். நானும் போகல. ரெண்டு பேரும் வீட்டுல இருப்போம்."

எங்கள் பக்கத்தில் நிறையப் புருஷன் பெண்டாட்டி அந்த வருஷம் இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், அது ஒன்றும் புதுசில்லை. ஆனால் அத்ரியனுக்கு அது சுலபமில்லை. இருபத்தொரு வயசிலிருந்து ஒரு ஓட்டு விடாதவன் அவன். பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் ஐந்து படி இருந்தது. ஊர் பார்க்க இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே அவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யத்தான் இருந்தான். மாவுக்கட்டைத் தட்டிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு மேசைக்கு மேல் கையை நீட்டினான். நான் ஓங்கி அடித்துக் கைகொடுத்தேன். யுகெத் சூப்பை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு என் மனசில் கள்ளம் இல்லை. அப்படித்தான் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். இப்போது உற்றுப் பார்த்தால் எனக்கே அவ்வளவு நிச்சயமில்லை.

வாக்கெடுப்பு நாள் வந்தது. யுகெத்துக்கு வாக்குச்சாவடியில் வேலை. ஒவ்வொரு மேசையிலும் ஆமாக்காரர் ஒருவர், இல்லைக்காரர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். இல்லைக்காரர்கள் யுகெத்தைக் கேட்டிருந்தார்கள். அவளுக்கு ஆற்றுக்கு அக்கரைக்காரர்களின் மேசை, நம் சாலைக்கு வேறு மேசை என்று எனக்குத் தெரியும்.

நான் காலையிலிருந்து ரேடியோவை நிறுத்திவிட்டுக் கொட்டகைக் கூரையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். ஆணி அடித்தேன், பிடுங்கினேன், மறுபடி அடித்தேன். நாலு மணிக்குக் கயெத்தான் வண்டியில் வந்து இறங்கினான். ஊரில் ஆமாக்காரர்களுக்கு அவன்தான் எல்லாம். உழவுக் கருவி விற்கிற கடைக்காரன், பேச்சில் தேன் ஒழுகும். கையில் ஒரு பட்டியல். ஓட்டுப் போட்டவர்கள் பெயர் மேல் கோடு போட்டு மணிக்கு ஒரு தரம் சாவடியிலிருந்து எடுத்து வருவார்கள், போடாதவர்கள் வீட்டுக்கு ஆள் போகும். என் பெயர் மேல் கோடு இல்லை.

நான் ஒப்பந்தத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், அவன் சிரிக்கவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு, மயிரிழையில் நிற்கிறது, கிழவிகளைக் கூட ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கூட்டி வருகிறார்கள், நீ கூரைக்கு ஆணி அடிக்கிறாயா என்றான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நாளைக்கு ஒரு ஓட்டுல போச்சுன்னு வையி. உங்க அப்பா கல்லறைல போய் என்னன்னு சொல்லுவே?"

படுபாவி. எங்கே குத்தினால் ரத்தம் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பழியை அவன் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை. அவன் வண்டியில் நான் ஏறவில்லை. அவனை அனுப்பிவிட்டு, கை கழுவி, சுத்தமான சட்டை போட்டு, என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். அத்ரியன் வீட்டு ஜன்னல் சாலையைப் பார்க்க இருக்கிறது என்பதால் காட்டு வழியாகச் சுற்றிப் போனேன். அதிலிருந்தே தெரியவில்லையா எப்பேர்ப்பட்ட வேலைக்குப் போகிறேன் என்று?

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் எங்கள் சாலைக்காரர்கள் மேசைக்கு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் நகர்ந்ததும் மேசைக்குப் பின்னால் யுகெத் உட்கார்ந்திருந்தாள். அந்த மேசைக்காரிக்கு ஃப்ளூ ஜுரமாம், காலையிலேயே ஆளை மாற்றிவிட்டார்கள்.

திரும்பிப் போயிருக்கலாம். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள், எல்லாரும் தெரிந்த முகம். யுகெத் என்னைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"பேரு சொல்லுங்க" என்றாள்.

விதி அது. வாக்காளர் வாயால் பெயர் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷம் எனக்குச் சோறு போட்டவள் என் பெயரைக் கேட்கிறாள்.

"ரொசேர் வெயூ."

"விலாசம்?"

அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டின் எண்ணைச் சொன்னேன். அவள் அடிமட்டம் வைத்து என் பெயர் மேல் கோடு இழுத்தாள். பக்கத்தில் இருந்த ஆமாக்காரப் பையன் சீட்டைக் கிழித்துக் கொடுத்து மறைப்பைக் காட்டினான்.

மறைப்புக்குப் பின்னால் நின்றபோது ஒன்று தோன்றியது. சீட்டை வெறுமனே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். வந்தேன், ஆனால் ஓட்டுப் போடவில்லை, அத்ரியனுக்குத் துரோகம் இல்லை. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அது போதும். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அதை நன்றாக, நிதானமாக யோசித்தேன். யோசித்துவிட்டு 'ஆம்' வட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். அழுத்தியே போட்டேன். அப்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

வெளியே வந்தேன், மணி ஐந்து. அத்ரியன் மாடுகளைக் கறக்கிற நேரம்.

இனி சொல்வதுதான் என்னை முப்பது வருஷமாகத் தின்கிறது. ஓட்டுப் போட்டதைக் கூட மன்னிக்கலாம். சாவடி எட்டு மணிக்குத்தான் மூடுகிறது. நான் அவன் கொட்டகைக்குள் நுழையும்போது முழுசாக இரண்டரை மணி நேரம் இருந்தது. நேராக வீட்டுக்குள் போய், அத்ரியா, நான் போய்ப் போட்டுவிட்டேன், நீயும் கிளம்பு, நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. இரண்டு ஓட்டும் கழிந்து போயிருக்கும். நான் ஒரு சின்ன அயோக்கியன், அவ்வளவுதான். சொல்லவில்லை. மாடுகளைக் கறந்தேன். வெளியே வந்து சமையலறை ஜன்னலைத் தட்டினேன். அவன் உள்ளேயிருந்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"பதினாலாம் நம்பருக்கு மடி சூடா இருக்கு, நாளைக்குப் பாக்கணும்" என்றேன்.

"சரிடா" என்றான். "வந்து காப்பி குடிச்சிட்டுப் போ."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டானதும் அதைத் திருப்பி வைத்தேன்.

தோற்றோம். நாற்பத்தேழு லட்சம் பேர் போட்டதில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். என் ஒரு ஓட்டு எந்த மூலைக்கும் காணவில்லை. வார்த்தையை விற்றவனுக்கு விலை கூடக் கிடைக்கவில்லை, பாருங்கள். மறுநாள் விடியற்காலை அவன் கொட்டகையில் குனிந்து மெஷினை மாட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. நாட்டுக்காகவா, அத்ரியனுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்ரியன் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு கதவு வரை வந்தான். ஜெயித்தவன் மாதிரி அவன் நடந்துகொள்ளவே இல்லை. உங்கள் ஆட்கள் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார்கள், உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன் என்று மட்டும் சொன்னான். அதற்கு அவன் என்னைக் கட்டையால் அடித்திருக்கலாம்.

நவம்பரில் எங்கள் மாவட்ட வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊரெல்லாம் வெட்டுப்பழி குத்துப்பழி, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை, நல்லதாக ஒரு செய்தி வேண்டுமாம். யாரோ எங்கள் ஒப்பந்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எங்களை வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அத்ரியன்தான் பேசினான். "வார்த்தை கொடுத்தேன், போகல. அவ்வளவுதான் விஷயம்" என்றான். அவள் அதை 'போகவில்லை என்கிறார்கள் இருவரும்' என்று எழுதிவிட்டாள்.

அந்தப் படத்தை வெட்டிப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கல்லாவுக்கு மேல் ஒட்டினார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள், நாட்டைவிட மனுஷன் பெரியவன் என்று காட்டினாய் ரொசேர் என்றார்கள். சாவடியில் என்னைப் பார்த்த பதினைந்து பேரும் கல்லு மாதிரி இருந்தார்கள். பாதிப் பேர் ஆமாக்காரர்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். மீதிப் பேர் யுகெத் முகத்துக்காகப் பேசாமல் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். கயெத்தான் மட்டும் சங்கத்தில் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நல்லா ஏமாற்றினாய் கிழவனை என்று காதில் சொன்னான். அவனோடு அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும், ஆனால் எந்த முகத்தோடு போடுவது?

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. யுகெத் முன்பு மாதிரியே பரிமாறினாள். அத்ரியன் இருக்கும்போது என்னை நீ, வா, போ என்றாள். அவன் கட்டையைத் தட்டிக்கொண்டு பின்னறைக்குப் போன உடனே நீங்கள், வாங்கள், போங்கள். நான் சேற்றுக் காலோடு நுழைந்தேன், வேண்டுமென்றே. ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து துணியால் தரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லித் தொலை யுகெத் என்றேன். அவள் சாணம் தள்ளுகிற கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"முப்பத்தொரு வருஷம் அந்த மனுஷன்கூடப் படுக்கைல படுத்திருக்கேன். ஒண்ணை மறைச்சதில்ல. இப்ப உங்களுக்காக மறைக்கிறேன். ராத்திரி அவர் பக்கத்துல படுத்தா கல்லை முழுங்கின மாதிரி இருக்கு. சொன்னா அவருக்கு இருக்கிற ஒரு சிநேகிதனும் போயிடுவான். நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நான் சொல்றேன்" என்றேன்.

"எப்ப?"

அவள் கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி தள்ள ஆரம்பித்தாள்.

ஜனவரியில் சொல்ல நினைத்தேன். மாவுக்கட்டை வெட்டினார்கள், கால் குச்சி மாதிரி இருந்தது, பாவமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிப்ரவரியில் பனி. பனி பெய்தால் ஏன் உண்மை சொல்லக் கூடாது என்று கேட்காதீர்கள், கோழைக்குக் காரணமா கிடைக்காது? தினம் இரண்டு தரம் அவன் மாட்டின் வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்கிறேன் என்று மாட்டிடம் சொல்லிவிட்டு எழுந்து போவேன். கறப்பதை மட்டும் ஒரு வேளை தவறவிடவில்லை. ஜுரத்திலும் போனேன். அதுதான் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அட, சிநேகிதனாகச் செய்ததைத் தண்டனையாக மாற்றிக்கொண்டேன், அந்த உதவியையும் கெடுத்துக்கொண்டேன்.

மார்ச் நடுவில் ஒரு காலை, அத்ரியன் கட்டை இல்லாமல் நொண்டிக்கொண்டே கொட்டகைக்கு வந்தான். இன்றிலிருந்து நானே கறக்கிறேன் என்றான். என் கையிலிருந்து மெஷினை வாங்கக் கை நீட்டினான். இனிமேல் தினம் வர எனக்குக் காரணம் இல்லை, இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று புரிந்துவிட்டது.

"அத்ரியா, நான் அன்னைக்கு ஓட்டுப் போட்டேன்" என்றேன்.

அவன் மெஷினை வாங்கிக்கொண்டான். முதல் மாட்டின் மடியைத் துடைத்தான்.

"தெரியும்" என்றான்.

யுகெத் சொன்னாளா என்று கேட்டேன்.

"அவளா? அவளுக்கு நான் தெரிஞ்சு வச்சிருக்கேன்னே தெரியாது. ஆறரை மணிக்கு இல்லைக்காரங்க கார் வந்துச்சு. ரெண்டு தடியனுங்க, என்னைத் தூக்கிட்டுப் போக. உங்க ஆளுங்ககிட்ட மட்டுமா பட்டியல் இருக்கும்? எங்க ஆளுங்ககிட்டயும் இருக்கு. நான் வரல, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வார்த்தை கொடுத்திருக்கேன்னு சொன்னேன். அவன் பட்டியலை மூஞ்சிக்கு நேரா நீட்டினான். உன் பேரு மேல கோடு. அதுக்குக் கீழயே என் பேரு."

ஆறரை மணி. நான் ஜன்னலைத் தட்டி மடி சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில். எங்களிடம் இருக்கிற பட்டியல் அவர்களிடமும் இருக்கும் என்று எனக்கு ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. யாருக்குப் போட்டோம் என்பதுதான் ரகசியம், போட்டோம் என்பது ரகசியம் இல்லை. இதைக் குழந்தை கூடச் சொல்லும்.

"ஒண்ணரை மணி நேரம் இருந்துச்சேடா" என்றேன். "கார் வாசல்ல நின்னுச்சு. ஏன் போகல?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"போக மாட்டேன்னு சொன்னேன். நீ போனா நானும் போவேன்னு சொல்லலையே."

அப்புறம் மாட்டுப் பக்கம் குனிந்துகொண்டு, முகத்தைக் காட்டாமல் மீதியைச் சொன்னான். "ஏன் இவ்வளவு நாள் பேசாம இருந்தேன்னு நினைக்கிறே? பெரிய மனசுன்னா? உன்னை வெளிய போடான்னு சொன்னா என் மாட்டை எவன் கறப்பான்? அஞ்சு மாசம் உன்கிட்ட வேலை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கும்தான் வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குக் கால் ஊனியாச்சு. நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றால், திரும்பத் திரும்ப, மூக்கு ஒழுக, ஐம்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை. அவன் போதும் போதும் என்றான். யுகெத்திடம் தானே இன்றைக்குச் சொல்லிவிடுவதாகவும், பாவம் அவள் தூங்கி மாசக்கணக்கு ஆகிறது என்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வா, சூப்பு இருக்கும் என்றான்.

"ஆனா இனிமே நமக்குள்ள கை கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், ரொசேர். உன் ஓட்டு உனக்கு, என் ஓட்டு எனக்கு."

அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன், இன்னும் இருபத்தேழு வருஷம் போனேன். யுகெத் ஒரு வருஷம் கழித்து மறுபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். வெளியாள் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நாங்கள் சேர்ந்து வாங்குவதாக இருந்த அறுவடை மெஷினை அவன் தனியாக வாங்கினான். அவன் மாடு எனக்கு, என் வைக்கோல் அவனுக்கு என்று வாய் வார்த்தையில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுபோனது. மரியாதையாகவே நின்றுபோனது. என்னிடம் அவன் எதற்கும் வார்த்தை கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

மூன்றாவது வாக்கெடுப்பு வரும் வரும் என்றார்கள். வரவில்லை. அத்ரியன் எண்பத்து மூன்று வயசில், தூக்கத்தில் போனான். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மறுபடி ரேடியோவில் அதே பேச்சு, சின்னப் பிள்ளைகள் எல்லாம் கூட்டம் போடுகிறார்களாம், இந்தத் தடவை கட்டாயம் வரும், ஜெயிக்கிற வாய்ப்பும் இருக்கிறது என்கிறார்கள். கேட்கும்போது எனக்குள்ளே இன்னும் அந்தப் பழைய சூடு ஏறத்தான் செய்கிறது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்டைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

போன மாதம் கயெத்தான் வந்தான். அவனுக்கும் எண்பது தாண்டிவிட்டது, பேத்தி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். கையில் காகிதக் கட்டு, ஆமாக்காரர்கள் பெயரை இப்போதிருந்தே எழுதி வைக்கிறார்களாம்.

"உன் பேரை முதல்ல எழுதிக்கிறேன்" என்றான். "வாக்கெடுப்பு அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக கார் அனுப்புறேன். சரியா?"

"அத்ரியன் போறானான்னு கேட்டுட்டு வா" என்றேன்.

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். வயசாகிவிட்டது, மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பான்.

"அவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே ரொசேர்."

"தெரியும்" என்றேன்.